லேகியின் பாதையும் துபாய் ஆலயமும்: வளைகுடாவில் மார்மன் விவாதம்

மார்மன்கள் என்று பரவலாக அறியப்படும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அமெரிக்காவில் பிறந்தது. ஆனால் அதன் மறைநூலான மார்மன் புஸ்தகத்தின் கதை அரேபியாவைக் கடந்துதான் அமெரிக்காவுக்குப் போகிறது. கி.மு. 600 அளவில் எருசலேமில் வாழ்ந்த லேகி என்ற தீர்க்கதரிசி, நகரம் அழியப்போகிறது என்று எச்சரிக்கை பெற்றுக் குடும்பத்தோடு வெளியேறுகிறார். செங்கடலை ஒட்டித் தெற்கே நடந்து, பிறகு கிழக்கே திரும்பி, எட்டு ஆண்டுகள் பாலையில் அலைந்தபின் பழமும் தேனும் நிறைந்த ஒரு கடற்கரையை அந்தக் குடும்பம் அடைகிறது. அங்கே லேகியின் மகன் நேபி ஒரு கப்பல் கட்டுகிறார்; எல்லோரும் அதில் ஏறிப் புதிய உலகத்துக்குப் போகிறார்கள். அந்தக் கடற்கரை இன்றைய ஓமானின் தோஃபார் பகுதிதான் என்று மார்மன் ஆய்வாளர்கள் பெரும்பாலோர் கருதுகின்றனர். 2020 ஏப்ரல் 5 அன்று அப்போதைய சபைத் தலைவர் ரஸ்ஸல் நெல்சன் துபாயில் ஓர் ஆலயம் கட்டப்படும் என்று அறிவித்தார். இந்த இரண்டும் சேர்ந்து, மார்மன் சமயத்தின் மீதான பழைய விமர்சனங்களை வளைகுடா மண்ணுக்குக் கொண்டுவந்திருக்கின்றன. நூல் உண்மை வரலாறா என்ற கேள்வியும், பிற சமயத்தாரை இச்சபை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியும் அவற்றுள் முதன்மையானவை.

சபை பிறந்த நாளிலிருந்தே அதைச் சுற்றி வழக்குதான். ஜோசப் ஸ்மித் 1805இல் வெர்மான்ட் மாநிலத்தில் வசதியற்ற விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். வானதூதர் காட்டிய பொன் தகடுகளிலிருந்து தெய்வ வல்லமையால் மொழிபெயர்த்ததாகச் சொல்லி, 1830 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் பால்மைரா ஊரில் மார்மன் புஸ்தகத்தை வெளியிட்டார். 5,000 படிகளுக்கு அச்சுக்கூலி 3,000 டாலர். மார்ட்டின் ஹாரிஸ் என்ற விவசாயி தன் நிலத்தை அடமானம் வைத்து அதற்குப் பொறுப்பேற்றார். அடுத்த மாதம் 6ஆம் தேதி சபை நிறுவப்பட்டது. ஒஹாயோ, மிசௌரி, இலினாய் என்று அது இடம்பெயர்ந்த ஒவ்வொரு ஊரிலும் அக்கம்பக்கத்தாரோடு மோதல் மூண்டது. 1838 அக்டோபரில் மிசௌரி ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை மாநிலத்தை விட்டுத் துரத்த வேண்டும் அல்லது ஒழித்துக்கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். மூன்று நாளில் ஹான்ஸ் மில் என்ற சிற்றூரில் 17 மார்மன்கள் கொல்லப்பட்டார்கள். 1844 ஜூன் 27 அன்று இலினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல் ஜோசப் ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றது. பிரிகாம் யங் தலைமையில் எஞ்சியோரில் பெரும்பகுதியினர் 1847இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். மார்மன்கள் மீதான விமர்சனத்தை எடைபோடுகிறவர்கள் இந்த ரத்தக்கறையை மறந்துவிடக் கூடாது. மார்மன்களின் கையிலும் கறை உண்டு. 1857 செப்டம்பர் 11 அன்று தென் யூட்டாவில் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில், கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த சுமார் 120 பயணிகளை மார்மன் படையினர் கொன்று குவித்தார்கள். அதை முதன்முதலில் முழுமையாக ஆராய்ந்து 1950இல் நூலாக்கிய ஜுவானிடா புரூக்ஸ் தாமும் ஒரு மார்மன்தான்.

அந்தக் காலத்தில் மார்மன்களை இழிவுபடுத்த அமெரிக்கர்கள் கையிலெடுத்த ஆயுதங்களில் ஒன்று இஸ்லாம். 1838இல் சபையை விட்டு விலகிய மூத்த தலைவர் தாமஸ் மார்ஷ், ஸ்மித் தம்மை இரண்டாவது முகம்மதாகக் காட்டிக்கொண்டார் என்று சத்தியக் கடிதம் எழுதிக் கொடுத்தார். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. இந்த ஒப்பீடு இரண்டு சமயங்களையும் ஒரே மூச்சில் பழிப்பதற்காகச் செய்யப்பட்டது; இரண்டைப் பற்றியும் அதில் அறிவு இல்லை. ஆனால் அதே மார்மன்கள் 1841இல் தங்கள் நாவூ நகரத்துக்கு இயற்றிய சமய உரிமைச் சட்டத்தில், சம பாதுகாப்புப் பெறும் சமயத்தாரின் பட்டியலில் முஸ்லிம்களையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தார்கள். நகரில் முஸ்லிம்கள் யாரும் குடியிருந்ததாகத் தெரியவில்லை, கொள்கைக்காகச் சேர்த்தார்கள். 1855இல் சால்ட் லேக் சிட்டியில் இரண்டு தலைவர்கள் முகம்மது நபியைப் பற்றி மரியாதையோடு பிரசங்கம் செய்தார்கள். மக்காவுக்கு மாறுவேடத்தில் போய்வந்த ஆங்கிலேயர் ரிச்சர்ட் பர்ட்டன் 1860இல் சால்ட் லேக் சிட்டிக்குப் போய்ப் பிரிகாம் யங்கைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு வெளியான அவரது பயண நூல், பலதார மணத்தைக் கூச்சலிடாமல் விவரித்த அக்கால எழுத்துகளில் ஒன்று.

பலதார மண விவாதம் சென்னைக்கும் வந்தது. சபை 1852 ஆகஸ்டில் அந்த வழக்கத்தை வெளிப்படையாக அறிவித்தது. மறு ஆண்டு ஏப்ரலில் கல்கத்தாவில் வந்திறங்கிய மிஷனரிகளில் ரிச்சர்ட் பாலன்டைன், ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் ஆகிய மூவர் மதராஸுக்கு வந்தார்கள். பாலன்டைன் 1854இல் மதராஸிலேயே ஒரு மாத இதழை அச்சிட்டு வெளியிட்டார். சபைக்கு எதிரான குற்றச்சாட்டுகளுக்குப் பதில் சொல்வது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கேட்டவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயப் படைவீரர்களும் அலுவலர்களும். சபையில் சேர்ந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய சிலரே. ஒரே ஆண்டில் பாலன்டைன் ஊர் திரும்பினார். 1856 அளவில் இந்தியப் பணியே முடிந்துபோனது. தமிழகத்தில் சபை மீண்டும் முளைத்தது நூறாண்டுக்குப் பிறகு, 1965இல் கோயம்புத்தூரில். மார்மன் புஸ்தகத்தின் தேர்ந்த பகுதிகள் தமிழில் 1982இல் வெளியாயின.

யூட்டாவில் பலதார மணம் அமெரிக்க அரசோடு நேரடி மோதலாக வளர்ந்தது. சமய நம்பிக்கை இருதார மணத்துக்கு விலக்கு தராது என்று 1879இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1887இல் வந்த சட்டம் சபையின் சொத்துகளையே பறிமுதல் செய்ய வழிசெய்தது. 1890இல் அன்றைய தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் அந்த வழக்கத்தை நிறுத்தும்படி அறிக்கை விட்டார். அதற்குப் பிறகும் மறைவாகத் தொடர்ந்த மணங்களை 1904இல் வந்த இரண்டாம் அறிக்கை கண்டித்தது. இன்று ஒன்றுக்கு மேற்பட்ட மனைவி வைத்திருப்பவர் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது. அந்த ஏற்பாட்டைச் சட்டம் அனுமதிக்கும் வளைகுடா நாடுகளிலும் இந்த விதி தளர்த்தப்படுவதில்லை. வளைகுடாவில் மார்மன் என்றதும் பல மனைவியர் என்று நினைப்பவர்கள் நூறாண்டுக்கு முந்தைய செய்தியை வைத்துப் பேசுகிறார்கள். ஸ்மித்தின் சொந்த வாழ்க்கை பற்றிய விமர்சனம் வேறு. அவருக்கு 30 முதல் 40 வரை மனைவியர் இருந்திருக்கலாம் என்றும், அவர்களில் ஒருவருக்கு இன்னும் 15 வயது நிறையவில்லை என்றும், சிலர் அப்போதே வேறொருவரின் மனைவியர் என்றும் 2014இல் சபையே கட்டுரை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. விமர்சகர்கள் பல தலைமுறைகளாகச் சொல்லிவந்து, சபை பொய் என்று தள்ளியதே அதில் பெரும்பகுதி.

இனி தோஃபார். ஓமானின் தென்கோடியில், ஏமன் எல்லையை ஒட்டிய இந்தக் கரை அரேபியாவிலேயே தனி நிலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இங்கே மலையில் மோதித் தூறலாகவும் மூடுபனியாகவும் இறங்குகிறது. உள்ளூரில் அதற்குக் கரீஃப் என்று பெயர். சலாலா நகரில் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் இருக்கின்றன. சாலையோரக் கடைகளில் இளநீரும் வாழைச்சீப்பும் தொங்குகின்றன. வேலைக்கு வந்த தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் அந்த ஊர் அந்நியமாகத் தோன்றுவதில்லை. மலைக்குப் பின்புறம், பருவக்காற்றின் ஈரம் எட்டாத வறண்ட சரிவில், குந்திரிக்கம் தரும் மரங்கள் வளர்கின்றன. அந்தப் பிசினை ஏற்றிச் சென்ற ஒட்டக வழிகளும் துறைமுகங்களும்தான் தென்னரேபியாவின் பழைய செல்வம். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இந்தக் குந்திரிக்க நிலத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது.

லேகியின் பயணத்தை அரேபிய நிலவியலோடு பொருத்திப் பார்க்கும் முயற்சியை ஊன்றித் தொடங்கியவர் சபை நடத்தும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஹியூ நிப்ளி. 1950களின் தொடக்கத்தில் வந்த அவரது எழுத்து, நூலில் வரும் பாலை வாழ்க்கை விவரங்கள் பெதுயின் வழக்கங்களோடு ஒத்துப்போகின்றன என்று வாதாடியது. அவர் நூலகத்தில் உட்கார்ந்து வாதாடினார். நேரில் போனவர்கள் லின் ஹில்ட்டனும் ஹோப் ஹில்ட்டனும். தோஃபார் உள்நாட்டுப் போர் ஓய்ந்த கையோடு, 1976இல் சபை இதழுக்காக இத்தம்பதியர் அரேபியாவில் பயணம் செய்தார்கள். நேபி கப்பல் கட்டிய பவுன்டிபுல் கரை சலாலாதான் என்று முடிவு சொன்னார்கள். 1990களில் வாரன் ஆஸ்டன் என்ற ஆய்வாளர் அதை மறுத்து, ரக்யூத்துக்கும் தல்கூத்துக்கும் நடுவே கோர் கர்ஃபோட் என்ற இடத்தைக் காட்டினார். செங்குத்து மலைகள் இருபுறமும் அடைத்த வாதி சய்க் பள்ளத்தாக்கு கடலைத் தொடும் இடம் அது. தரைவழியாகப் போவது கடினம். பெரும்பாலும் படகில்தான் போக முடியும். நன்னீர், காட்டத்தி, புளியமரம், ஈச்சமரம், மணல் கரை, கடலுக்குள் சரியும் பாறை எல்லாம் அங்கே இருக்கின்றன. நூல் விவரிக்கும் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரேபியாவில் இல்லை என்பது ஆஸ்டனின் வாதம். ஜார்ஜ் பாட்டர் என்பவர் 2003இல் வெளியான நூலில் இன்னொரு இடத்தை முன்வைத்தார்: சலாலாவுக்குக் கிழக்கே உள்ள கோர் ரோரி. கப்பல் கட்டவும் நிறுத்தவும் ஏற்ற இயற்கைத் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது என்கிறார் அவர். நேபி கருவிகள் செய்யத் தாது எடுத்ததாக நூல் சொல்வதால், பிரிகாம் யங் பல்கலைக்கழகப் புவியியலாளர்களும் தோஃபாருக்கு வந்து இரும்புத் தாதுப் படிவுகளைத் தேடிக் கண்டார்கள்.

இவற்றில் கோர் ரோரிக்கு முறையான அகழாய்வு வரலாறு உண்டு. 1950களில் வெண்டல் பிலிப்ஸின் அமெரிக்கக் குழு அங்கே தோண்டியது. 1990களிலிருந்து பிசா பல்கலைக்கழகத்தின் இத்தாலியக் குழு தொடர்ந்து பணியாற்றியது. அங்கே வெளிப்பட்ட சும்ஹுரம் நகரம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு அளவில் நிறுவப்பட்டது என்று அக்குழு காலம் கணித்திருக்கிறது. லேகியின் காலத்துக்கு மூன்று நூற்றாண்டு பிந்தியது அது. துறைமுகக் கழிமுகம் நகரத்துக்கு முன்பே இருந்திருக்குமே என்று ஆதரவாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் வெறும் கழிமுகம் எதையும் நிரூபிக்காது. தோஃபாரில் இதுவரை கிடைத்த கல்வெட்டிலோ பானை ஓட்டிலோ எருசலேமிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் தடயம் இல்லை.

ஏமனில் கிடைத்த தடயம் இதைவிட வலுவானது. விவாதத்தின் கூர்முனையும் அதுதான். பயண வழியில் இஸ்மவேல் என்பவரைப் புதைத்த இடத்துக்கு நாகோம் என்று பெயர் என்றும், அதற்குப் பிறகு பயணம் ஏறக்குறைய நேர் கிழக்காகத் திரும்பியது என்றும் நூல் சொல்கிறது. சனாவுக்கு வடகிழக்கே நிஹம் என்ற குலமும் அதன் நிலமும் இன்றும் இருக்கின்றன. டேனிஷ் பயணக்குழுவில் போன கார்ஸ்டன் நீபூரின் பதினெட்டாம் நூற்றாண்டு வரைபடத்தில் அந்தப் பெயர் இருப்பதை 1978இல் ஒரு மார்மன் பேராசிரியர் கவனித்து எழுதினார். பிறகு மாரிப் நகரின் பரான் கோயிலில் ஜெர்மானியத் தொல்லியலாளர்கள் கண்ட பலிபீடங்களில், நிஹம் குலத்தவர் ஒருவர் அவற்றைக் காணிக்கையாகக் கொடுத்த செய்தி பொறிக்கப்பட்டிருந்தது. காலம் கி.மு. ஏழு, ஆறாம் நூற்றாண்டுகள். லேகியின் காலத்திலேயே அந்தப் பெயர் அந்த வட்டாரத்தில் வழங்கியது என்பதற்கு இது சான்று. குந்திரிக்க வாணிப வழி கிழக்கே திரும்புவதும் அந்தப் பக்கத்தில்தான்.

விமர்சகர்களின் பதில் இது. நீபூருக்கும் முன்னரே, 1751இல் பிரெஞ்சு நிலவரைஞர் தான்வில் வெளியிட்ட வரைபடத்தில் இந்தப் பெயர் இருக்கிறது. ஸ்மித்தின் காலத்து அமெரிக்காவில் இத்தகைய வரைபடங்கள் கிடைக்கக்கூடியவையே. செமிட்டிய எழுத்தில் உயிரொலி எழுதப்படுவதில்லை என்பதால், மூன்று மெய்யெழுத்து ஒத்துப்போவது தற்செயலாகவும் நேரலாம். பலிபீடம் சொல்வது ஒரு குலத்தின் பெயரை. நூல் சொல்வது ஒருவரைப் புதைத்த இடத்தின் பெயரை. ஆதரவாளர்கள் விடுவதில்லை: ஸ்மித் அந்த வரைபடங்களைப் பார்த்தார் என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை, பெயர், காலம், திசை மூன்றும் ஓரிடத்தில் கூடிவருவதை எளிதில் தள்ளிவிட முடியாது என்கிறார்கள். நேர்மையாகப் பார்த்தால், நிஹம் பற்றிய கண்டுபிடிப்பு மார்மன் தரப்பின் கையில் இருக்கும் மிகச் சிறந்த சான்று. ஆனாலும் அது ஒரு பெயரோடு நின்றுபோகிறது. அந்த வழியே ஒரு குடும்பம் போனது என்று அது காட்டவில்லை.

அதோடு, அரேபியப் பயணம் நூலின் தொடக்கத்தில் வரும் சிறு பகுதிதான். ஏறக்குறைய எஞ்சிய கதை முழுவதும் அமெரிக்காவில் நடக்கிறது; அங்கேதான் தொல்லியல் கைவிரிக்கிறது. நூலில் வரும் குதிரை, எஃகு, கோதுமை, தேர் எதுவும் அந்தக் காலத்து அமெரிக்காவில் நூல் சொல்லும் வகையில் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அமெரிக்கப் பழங்குடிகளின் மரபணு அவர்களின் மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று காட்டுகிறது. ஆஸ்திரேலியத் தாவர மரபியலாளரும் முன்னாள் மார்மன் பிஷப்புமான சைமன் சதர்ட்டன் 2004இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். நூலின் மக்கள் அமெரிக்க இந்தியரின் முதன்மை மூதாதையர் என்றிருந்த முன்னுரை வாசகத்தைச் சபை 2006இல், மூதாதையருள் ஒரு பகுதியினர் என்ற பொருள்பட மாற்றியது. ஸ்மித் எகிப்தியச் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொன்ன ஆபிரகாமின் புத்தகத்துக்கு நேர்ந்தது இதைவிடக் கடினமான சோதனை. அச்சுருள்களின் துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் சபைக்குத் திரும்பிவந்தன. படித்துப் பார்த்த எகிப்தியவியலாளர்கள், அவை சவ அடக்கத்தோடு வைக்கப்படும் வழக்கமான மந்திர ஏடுகள் என்றும் ஆபிரகாமைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை என்றும் தெரிவித்தார்கள். தோஃபார் கரையில் எவ்வளவு பொருத்தம் கண்டாலும், இந்தப் பக்கத்துக் கணக்கை அது நேர்செய்ய முடியாது.

வளைகுடாவில் மார்மன்கள் குடியேறிய கதைக்கும் லேகிக்கும் சம்பந்தமில்லை. அவர்களை அழைத்துவந்தது எண்ணெய். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சவூதியின் தஹ்ரானில் அமெரிக்க எண்ணெய் நிறுவனக் குடியிருப்புகளுக்கு வந்தவர்களில் யூட்டாக்காரர்களும் இருந்தார்கள். வீட்டுக் கூடத்தில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, உரத்த பாட்டில்லாமல் வழிபாடு நடத்தினார்கள். பிற்பாடு குவைத், பஹ்ரைன், அபுதாபி, துபாய் என்று விரிந்தது. பல நாட்டு ஊழியர்களும் சேர்ந்தார்கள், பிலிப்பைன்ஸ்காரர்கள் உட்பட. 1980களில் அரேபியத் தீபகற்பம் முழுவதற்கும் ஒரே மறைவட்டம் அமைந்தது. பிறகு அது பஹ்ரைன், அபுதாபி என்று பிரிந்தது. அபுதாபியில் சபைக்கென்று கட்டப்பட்ட வழிபாட்டு இல்லம் 2013இல் அர்ப்பணிக்கப்பட்டது. உலகெங்கும் ஞாயிற்றுக்கிழமை கூடும் சபை வளைகுடாவில் வெள்ளிக்கிழமை கூடியது. அரசு விடுமுறை அன்றுதான். அமீரகம் 2022 ஜனவரியில்தான் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறியது.

வாழ்க்கை முறையில் மார்மன்களும் முஸ்லிம்களும் ஒத்துப்போகும் இடங்கள் பல. மது கிடையாது. நோன்பு உண்டு: மார்மன்கள் மாதத்தில் ஒரு நாள் இரண்டு வேளை உணவைத் துறந்து, அதற்கான காசை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். ஸகாத்துக்கு இணையாகத் தசமபாகம் உண்டு. ஆனால் 1833இல் ஸ்மித் அறிவித்த உணவு நெறி காப்பியையும் தேநீரையும் சேர்த்தே விலக்கியது. வளைகுடாவில் அது தனிச் சிக்கல். மஜ்லிஸில் விருந்தாளி அமர்ந்ததும் ஏலக்காய் மணக்கும் கஹ்வா சிறு கோப்பையில் வரும். வாங்கி அருந்துவது மரியாதை, போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டித் திருப்பித் தருவது வழக்கம். பேரீச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு கஹ்வாவை மறுக்கும் மார்மன் விருந்தாளி காரணம் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்லும்போதுதான் பல அமீரகத்தார் இந்தச் சமயத்தைப் பற்றி முதன்முதலாகக் கேள்விப்படுகிறார்கள்.

பழக்கவழக்க ஒற்றுமையைக் கொண்டு கோட்பாட்டிலும் இரண்டும் அண்டை வீடுகள் என்று முடிவு கட்டுவது தவறு. கடவுளுக்கு உருவமில்லை, இணையில்லை என்பது இஸ்லாத்தின் அடித்தளம். பிதாவாகிய கடவுளுக்கு மனிதரைப் போன்ற திட உடல் உண்டு என்பதும், மனிதர் தெய்வநிலை நோக்கி உயர முடியும் என்பதும் மார்மன் போதனை. முகம்மது நபியோடு தீர்க்கதரிசனம் நிறைவுற்றது என்று இஸ்லாம் கொள்கிறது. மார்மன் சபைத் தலைவரோ இன்றும் தீர்க்கதரிசி என்றே அழைக்கப்படுகிறார். இந்த வகையில் பொதுக் கிறிஸ்தவத்தை விட மார்மன் சமயம் இஸ்லாத்திலிருந்து மேலும் தள்ளியே நிற்கிறது. மற்றக் கிறிஸ்தவர்களின் மறுப்பும் இங்கிருந்தே எழுகிறது. மார்மன் ஞானஸ்நானம் செல்லாது என்று 2001இல் வத்திக்கான் தீர்ப்புச் சொன்னது; திரித்துவத்தை மார்மன்கள் அதே பொருளில் ஏற்பதில்லை என்பது காரணம்.

பிறரிடம் சபை காட்டும் மனப்பான்மை பற்றிய விமர்சனத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் கனமானவை. முதலாவது நிறவேறுபாடு. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் 1852 முதல் 1978 ஜூன் வரை மறுக்கப்பட்டது. கறுப்பினத்தார் ஆலயச் சடங்குகளிலிருந்தும் விலக்கப்பட்டார்கள். கறுப்புத் தோல் தெய்வ சாபம் என்று தலைவர்களே போதித்தார்கள். அந்த விளக்கங்களைச் சபை 2013இல் எழுத்தில் மறுதலித்தது. ஆனால் தடைக்காக இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. பலரை உறுத்துவது அதுதான்.

இரண்டாவது, மரித்தோருக்கான ஞானஸ்நானம். உயிரோடிருப்பவர் ஒருவர் ஆலயத்தில் இறந்தவரின் பெயரால் முழுக்குப் பெறுவது இச்சடங்கு. மறுமையில் அந்த ஆன்மா விரும்பினால் ஏற்கலாம், மறுக்கலாம் என்பது சபையின் விளக்கம். நாஜி முகாம்களில் கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் லட்சக்கணக்கில் இந்தப் பட்டியலில் ஏறியிருந்தது வெளிப்பட்டபோது யூத அமைப்புகள் கொதித்தெழுந்தன. 1995 ஒப்பந்தத்தின்படி சுமார் 3,80,000 பெயர்களைச் சபை நீக்கியது. 2012இல் ஆன் ஃபிராங்க் பெயரும், காந்தியின் பெயரும் இதே பட்டியலில் வந்திருப்பதாகச் செய்தி வெளியானது. தம் சமயம் மாறாமலே வாழ்ந்து மறைந்தவரின் பெயரை அவர் குடும்பத்தைக் கேட்காமல் சடங்குக்கு எடுப்பது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், அவமதிப்பு. இதைச் சபையின் தலைமையே உணர்ந்து விதிகளைக் கடுமையாக்கியது. தனி உறுப்பினர்கள் அவ்விதிகளை மீறுவது நிற்க நெடுங்காலம் ஆனது.

எதிர்ப்பக்கத்தையும் எடைபோட வேண்டும். 1978 பிப்ரவரியில் சபைத் தலைமை வெளியிட்ட அறிக்கை, முகம்மது நபியையும் கன்ஃபூசியஸையும் கடவுளின் ஒளியில் ஒரு பங்கு பெற்றவர்கள் என்று பெயர் சொல்லிப் போற்றியது. இமாம் கஸ்ஸாலியின் புகழ்பெற்ற தத்துவ மறுப்பு நூலை அரபு மூலத்தோடு ஆங்கிலத்தில் 1997இல் பதிப்பித்தது பிரிகாம் யங் பல்கலைக்கழகம். இஸ்லாமிய அறிஞர்கள் அந்தப் பதிப்பை மதிக்கிறார்கள்.

மதமாற்றப் பணியில் இச்சபை உலகில் பெயர்பெற்றது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த இளைஞர் இருவர் கதவைத் தட்டும் காட்சி அதன் அடையாளம். வளைகுடாவில் அந்தக் காட்சி இல்லை. சட்டம் தடுக்கும் முஸ்லிம் நாடுகளில் பிரசாரம் செய்வதில்லை என்று சபை விதித்துக்கொண்டிருக்கிறது. இதே ஒழுங்கு எருசலேமிலும் வந்தது. அங்கே 1980களில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் கல்வி மையம் கட்டியபோது, அது மறைமுக மிஷன் என்று வைதீக யூதர்கள் எதிர்த்துப் போராடினார்கள். பிரசாரம் செய்ய மாட்டோம் என்று 1985இல் எழுதிக் கொடுத்த பிறகே வேலை நகர்ந்தது. முந்தைய மிஷன்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். 1889இல் தொடங்கிய அமெரிக்க அரேபிய மிஷன் பஸ்ராவிலும் பஹ்ரைனிலும் மருத்துவமனையோடு பிரசங்கத்தையும் நடத்தியது. அதன் மிஷனரி சாமுவேல் ஸ்வெமர் வெளிப்படையாகவே முஸ்லிம்களை மதம் மாற்ற வந்தவர். மாறியவர்கள் மிகச் சிலர். ஆனால் மருத்துவமனை பஹ்ரைனில் நிலைத்தது. மார்மன்களின் கட்டுப்பாடு பிறர் மீதான மரியாதையால் மட்டும் வந்தது அல்ல, சட்டத்தாலும் வந்தது. ஆனால் அது கடைப்பிடிக்கப்படுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

இஸ்லாத்தை அரசு சமயமாகக் கொண்ட அமீரகத்தின் அரசியல் சாசனம், வழக்கத்துக்கும் பொது ஒழுங்குக்கும் உட்பட்டு வழிபாட்டு உரிமை தருகிறது. சமயங்களை இழிவுபடுத்துவது சட்டப்படி குற்றம். முஸ்லிம் அல்லாதாரின் வழிபாட்டிடங்களுக்கென்று 2023இல் தனிச் சட்டமும் வந்தது. ஆகவே அமெரிக்காவில் புத்தகமாகவும் திரைப்படமாகவும் சீறும் மார்மன் எதிர்ப்பு அமீரகத்தில் பொதுவெளிக்கு வருவதில்லை. மார்மன்களும் தம் தரப்பை உரக்கச் சொல்வதில்லை. மற்ற வளைகுடா நாடுகளில் நிலை ஒன்றுபோல் இல்லை. சவூதியில் எந்தக் கிறிஸ்தவப் பிரிவுக்கும் ஆலயக் கட்டடம் கிடையாது. குவைத்தில் பல சிறு சபைகளைப் போல மார்மன்களும் முறையான அங்கீகாரம் இல்லாமல் தனியிடங்களில் கூடுகிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் 2020 அறிவிப்பு வந்தது. எக்ஸ்போ 2020 கண்காட்சி வளாகத்தில், அமீரகத்தின் அழைப்பை ஏற்று ஆலயம் கட்டுவதாக நெல்சன் சொன்னார். முந்தைய ஆண்டு பிப்ரவரியில் அபுதாபியில் போப் பிரான்சிஸும் அல்-அஸ்ஹரின் தலைமை இமாமும் மானுட சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். 2023இல் அங்கே மசூதி, தேவாலயம், யூத ஜெப ஆலயம் மூன்றும் ஒரே வளாகத்தில் திறக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் அபுதாபி அருகே அபு முரைக்காவில் சுவாமி நாராயண் கோயில் குடமுழுக்குக் கண்டது. துபாய் ஆலயம் இந்த வரிசையில் சேர்ந்தாலும் அதன் தன்மை வேறு. மார்மன் வழிபாட்டு இல்லத்துக்கு யாரும் போகலாம். ஆலயத்துக்குள், அர்ப்பணிப்புக்கு முந்தைய சில வாரங்கள் நீங்கலாக, சபையின் அனுமதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே போக முடியும்.

அந்த ஆலயத்தில் நடக்கவிருக்கும் சடங்குகளில் மரித்தோருக்கான ஞானஸ்நானமும் ஒன்று. கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால், வாழும் நெருங்கிய உறவினரின் இசைவு பெறாமல் அவர் பெயரைச் சமர்ப்பிக்கக் கூடாது என்பது சபையின் இன்றைய விதி. முஸ்லிம்களும் இந்துக்களும் பிற கிறிஸ்தவர்களும் நெருக்கமாக வாழும் துபாயில், லேகி எந்தக் கரையில் கப்பல் கட்டினார் என்ற கேள்வியை விட, இந்த ஒரு விதியை ஒருவர் தவறாமல் எல்லோரும் காப்பார்களா என்ற கேள்வியே அயலாருக்கு முக்கியம்.